ஏரியைக் காத்தது ராமர்... பறவையைக் காத்தது? ஒரு வெள்ளைக்கார கலெக்டரின் கதை!

வேடந்தாங்கலுக்குப் போய் நத்தைகுத்தி நாரையை ஜூம் பண்ணி ரீல்ஸ் போட்டிருக்கீங்களா? அப்போ லயனல் பிளேஸ் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

மதுராந்தகம் பக்கம் ரொம்பப் பிரபலமான துரை இவர். 1798-ல் அடைமழை. ஏரிக்கரை உடையுமோன்னு ராத்திரி பார்க்கப் போனவருக்கு, வில்லோட ரெண்டு பேர் கரையில் காவல் நிற்கிறது தெரிஞ்சதாம். கரை தப்பிச்சது, ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயாருக்கு சந்நிதி கட்டினார். காட்சியை நம்புறது உங்க இஷ்டம். சந்நிதி இவர் தர்மம்னு அங்கே கல்வெட்டே இருக்கு.

உடனே 'நல்ல மனுஷன்'னு ஹார்ட் விட்டுடாதீங்க! 1794 முதல் 1798 வரை, அன்னிக்கு ஜாகீர்னு அழைக்கப்பட்ட செங்கல்பட்டுச் சீமைக்கு இவர்தான் கலெக்டர். கிழக்கிந்திய கம்பெனிக்கு வரி வசூலிக்கிறதுதான் வேலை. மிராசுதாரர்களோடு கடுமையா மோதினார், ஒத்துவராதவர்களின் உரிமையைப் பறித்தார். ஏரி மேல அக்கறை வந்ததுக்கும் கணக்கு உண்டு. ஏரி உடைஞ்சா நெல் இல்லை. நெல் இல்லைன்னா வரி இல்லை.

இந்தக் கறார் ஆள்கிட்டதான் வேடந்தாங்கல் மக்கள் புகாரோட போனாங்க. பிரிட்டிஷ் சிப்பாய்கள் எங்க ஏரியில பறவைகளைச் சுடுறாங்கன்னு. அந்த மக்களுக்குப் பறவை வெறும் அழகு இல்லை. கூழைக்கடாவும் நீர்க்காகமும் போடுற எச்சம் ஏரித் தண்ணியில கரைஞ்சு, வயலுக்கு உரமாப் பாயும். ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தமும் அவங்க விளைச்சல் மேல விழுந்த அடி.

பிளேஸுக்கு அது புரிஞ்சது. 1798-ல், பறவைகளைக் காக்கிற உரிமை ஊருக்கே உண்டுன்னு எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்திரத்துக்குப் பேர் கவுல். உலகத்தின் முதல் தேசியப் பூங்கான்னு சொல்ற யெல்லோஸ்டோன் வந்ததே 1872-லதான்!

இன்னிக்குக் கென்யாவில் மசாய் மக்கள் சிங்கமும் யானையும் நடமாட மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுத்து, சஃபாரி நிறுவனங்கள்கிட்ட குத்தகைப் பணம் வாங்குறாங்க. வேடந்தாங்கலுக்குப் பறவைகளே நேரடியா குத்தகை கட்டிடுச்சு.

கலெக்டர் போயிட்டார். ஊர் விடலை. 1858-ல் மறுபடியும் கவுல் வாங்கினாங்க. 1936-ல் அது சரணாலயமாச்சு, 2022-ல் ராம்சார் தளம். 1998-ல் ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம்னு அறிவிச்சதில் அவங்க வயல்களும் உள்ளே வந்தாச்சு. 2020-ல் அந்த எல்லையைச் சுருக்க யோசனை வந்தப்போ, பெரிய எதிர்ப்பு கிளம்பினது உங்க டைம்லைன்லயே ஓடியிருக்கும்.