அர்ச். ஜான் போஸ்கோவும் அவர் தாயார் மார்கரீத்தாவும்



பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே முறைப்பாடுதான் கேட்கிறது. சொன்ன சொல் கேட்பதில்லை, இரவுச் செபத்துக்கு உட்காருவதில்லை, ஞாயிறு பூசைக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். சிலர் பிரம்பை எடுக்கிறீர்கள். சிலர் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டென்று காட்டியவர் அர்ச். ஜான் போஸ்கோ. அந்த வழியை அவர் முதன்முதல் கற்ற இடம் குருமடமல்ல. எழுத்தறியாத தம் தாயாரின் அடுப்படி.

இத்தாலியாவின் வடபுறத்தில், பியெமோந்தே நாட்டைச் சேர்ந்த பெக்கி என்னும் சிற்றூரில், 1815-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னே, 1817-ல், தகப்பனார் நோயில் விழுந்து மரித்தார். தாயார் மார்கரீத்தாவுக்கு அப்போது வயது 29. மூத்த தாரத்தின் மகன் அந்தோனி, தம் வயிற்றுப் பிள்ளைகளான சூசை, ஜான், நடமாட முடியாத மாமியார் ஆகிய நால்வரும் அவர் கையையே எதிர்பார்த்திருந்தார்கள். மறுமணத்துக்கு இடம் வந்தும், பிள்ளைகளைப் பிறர் பொறுப்பில் விட மனமில்லாமல் மறுத்துவிட்டார்.

அந்த வீட்டின் மூலையில் ஒரு பிரம்பு நின்றதாம். பிள்ளைகள் கண்ணில் படும்படியே அது இருந்தது. ஆனால் அந்தத் தாய் அதை ஒருபோதும் உபயோகிக்கவில்லை. எட்டு வயதில் ஜான் உயரத்திலிருந்த எண்ணெய்ச் சாடியைத் தவறுதலாகத் தள்ளி உடைத்துவிட்டார். ஒளியவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. வேலியோரம் ஒரு குச்சியை வெட்டி, பட்டையில் அழகாய்ச் சித்திரம் செதுக்கி, சந்தையிலிருந்து திரும்பி வந்த தாயின் கையில் தாமே கொடுத்தார். தாயாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குற்றத்தை மறைக்கத் தேவையில்லாத வீடு அது என்பதைக் கவனியுங்கள்.

ஆனாலும் அது சண்டையில்லாத வீடு என்று எண்ணிவிடாதீர்கள். ஜானுக்குப் படிப்பில் ஆசை. நிலத்தில் பாடுபட்ட அந்தோனிக்கோ அது பிடிக்கவில்லை. சச்சரவு முற்றவே, 1828-ம் ஆண்டு, பன்னிரண்டு வயது மகனைத் தாயார் வேறொரு குடும்பத்தின் பண்ணைக்கு வேலைக்கு அனுப்ப நேர்ந்தது. உங்கள் வீட்டில் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் இருந்தால் அதைரியப்படாதீர்கள். அர்ச்சியசிஷ்டவர்கள் பிறந்த வீடுகளிலும் அது இருந்திருக்கிறது.

1841-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி ஜான் குருப்பட்டம் பெற்றார். தூரின் பட்டணத்துச் சிறைச்சாலைகளில் வாலிபர்களைக் கண்டு அவர் மனம் கலங்கியது. விடுதலையாகி வெளியே போனவர்களிற் சிலர் சில நாளில் திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லாததே காரணம் என்று கண்டுகொண்டார்.

அந்த வருஷமே டிசம்பர் 8-ந் தேதி, தேவமாதாவின் அமலோற்பவத் திருநாளன்று, அவர் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பூசைக்கு உதவி செய்யத் தெரியாத ஓர் அனாதைப் பையனைக் கோயிற்பிள்ளை அடித்துத் துரத்தினார். போஸ்கோ சுவாமியார் அவன் தம் சிநேகிதன் என்று சொல்லித் திரும்ப அழைப்பித்தார். எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார்; ஒன்றும் தெரியவில்லை. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டபோது பையன் சிரித்துவிட்டான். அதன் பிறகுதான் திருச்சிலுவை அடையாளத்திலிருந்து ஞானோபதேசம் தொடங்கிற்று. பர்த்தொலொமேயோ கரேல்லி என்ற அந்தக் கொத்துவேலைப் பையனோடு ஆரம்பித்த வேலை சில வருஷத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளாய்ப் பெருகியது. சத்தம் பொறுக்காமல் பல இடத்தாரும் விரட்டவே, 1846-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளன்று வல்தோக்கோ என்ற இடத்தில் ஒரு கொட்டகை கிடைத்தது.

அதே வருஷம் அவர் கடும் நோயில் விழுந்து பிழைத்தார். தனியாக இனி முடியாது என்று கண்டு, ஊரில் பேரப்பிள்ளைகளோடு சமாதானமாய் இருந்த தாயாரைத் துணைக்கு அழைத்தார். நவம்பர் 3-ந் தேதி, 58 வயது மார்கரீத்தா மகனோடு கால்நடையாகவே தூரினுக்கு வந்து சேர்ந்தார். கையிலிருந்த நகை விற்கப்பட்டது. கலியாண உடை பூசை வஸ்திரமாயிற்று.

முதலில் இடம் கொடுக்கப்பட்ட சில பையன்கள் விடியுமுன் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். தாயும் மகனும் கதவைச் சாத்திவிடவில்லை. 1847-ல் ஓர் இரவு, மழையில் நனைந்த அனாதைப் பையன் ஒருவன் வந்து நின்றான். தாயார் அடுப்பருகே உட்காரவைத்துச் சூடாய் உண்ணக் கொடுத்தார். சமையலறையிலேயே செங்கலும் பலகையும் அடுக்கிப் படுக்கை போட்டார். அவன் உறங்குமுன் உழைப்பையும் உண்மையையும் வேதத்தையும் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். சலேசிய மடங்களில் இரவுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சிறு புத்திமதி இந்தத் தாயிடமிருந்து வந்ததே.

அவருக்கும் பொறுமை இழந்த நாள் வந்தது. விளையாட்டில் பையன்கள் அவர் பயிரிட்ட காய்கறித் தோட்டத்தை மிதித்துத் துவைத்துவிட்டார்கள். ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்றார். மகன் எதிர்வாதம் பண்ணாமல், சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாயார் தங்கிவிட்டார், 1856 நவம்பர் 25-ந் தேதி மரிக்கும்வரை தங்கினார். 2006-ம் ஆண்டு திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

பிள்ளைகள் பேரில் அன்பென்றால் வெறும் இனிய பேச்சு என்று போஸ்கோ சுவாமியார் எண்ணவில்லை. 1852-ம் ஆண்டு, தச்சுவேலை பழகப் போன ஒரு பையனுக்காக எசமானோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்தார். வாயால் திருத்தலாம், அடிக்கக் கூடாது. கடன்திருநாட்களில் வேலை வாங்கக் கூடாது என்று அதில் எழுதுவித்தார்.

பக்தியையும் அவர் அளவறிந்து ஊட்டினார். 1854-ல் வந்து சேர்ந்த சாமிநாதர் சாவியோ அர்ச்சியசிஷ்டவனாக வேண்டுமென்று கடுந்தவம் செய்யத் தொடங்கியபோது அதைத் தடுத்தார். சந்தோஷமாயிரு, உன் கடமையைச் செய், தோழர்களோடு விளையாடு என்பதே அவர் சொன்ன புத்தி. பதினைந்து வயது நிறையுமுன் 1857-ல் மரித்த அச்சிறுவனை 1954-ல் திருச்சபை பீடத்தில் ஏற்றியது.

குற்றம் நடந்தபின் தண்டிப்பதைவிட, கூடவே இருந்து குற்றம் நேராமல் காப்பதே மேல். அதற்கு நியாயமும் வேதமும் அன்பும் வேண்டும் என்று 1877-ல் அவர் எழுதினார். 1884-ல் ரோமையிலிருந்து எழுதிய கடிதத்தில், பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்களே உணர வேண்டும் என்று வற்புறுத்தினார். 1888 ஜனவரி 31-ந் தேதி அவர் மரித்தார். 1934-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். அவர் ஸ்தாபித்த சபையின் குருக்கள் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்து, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஊழியம் தொடங்கினார்கள்.

பெற்றோரே, உங்கள் மகனை நீங்கள் நேசிப்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. அது அவனுக்குத் தெரியுமா? பரீட்சை மார்க்கைக் கேட்கும்போதும், தாமதமாய் வந்தான் என்று கடிந்துகொள்ளும்போதும் மட்டுமே உங்கள் குரல் அவன் காதில் விழுந்தால், அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் விளையாட்டு என்ன, தோழர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். பிறகு செபத்துக்குக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது நீங்கள் முந்தி முழங்காலில் இருங்கள். படுக்கப் போகுமுன் அருகில் போய் இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், பணமும் வேண்டாம். எழுத்தறியாத ஒரு விதவைத் தாய் செய்தது உங்களாலும் ஆகும். இன்றிரவே தொடங்குங்கள்.