கர்னல் ஜான் பென்னிகுவிக்

மலையின் மேற்கே மழை பெருகி ஆறு கரை புரண்டோட, கிழக்கே அதே காலத்தில் கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடப்பது மதுரைச் சீமையார் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்சியாகும். வைகையோ வானம் பார்த்த ஆறு. மழை பொய்த்தால் அதுவும் மணலாறாகிவிடும். இக்குறையை நீக்கும் பொருட்டு மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய பெரியார் ஒருவரது வரலாற்றினைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இவ்வெண்ணம் அவர் உள்ளத்தில் முதன்முதல் உதித்ததன்று. 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்வித்து, பொருள் மிகுதியும் செலவாகுமென்று கைவிட்டார். 1808-இல் காப்டன் கால்டுவெல் என்பார் மலையைப் பார்வையிட்டு, இது நடவாத காரியமென முடிவு செய்தார். 1850-இல் தொடங்கிய ஒரு சிறு வேலை காய்ச்சலின் கொடுமையால் நின்றது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் மண்ணணை ஒன்று கட்டலாமென்று திட்டம் வகுத்தார். அதுவும் ஏட்டளவில் நின்றது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை இராஜதானியைச் சூறையாடிய பின்னரே, இவ்வேலையை இனியும் ஒத்திவைத்தல் தகாதென்பது ஆட்சியாளர்க்குப் புலனாயிற்று.

ஜான் பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பூனாவிற் பிறந்தார். அவர் தந்தையார் படைத்தலைவர். 1849-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள சிலியான்வாலாப் போரில் தந்தையும் மூத்த சகோதரரும் ஒருங்கே மடிந்தனர். அப்பொழுது இச்சிறுவருக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாட்கள் இருந்தன. பின்னர் இங்கிலாந்தில் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1858-இல் சென்னை இஞ்ஜினீயர் படையிற் சேர்ந்தார். தந்தையைப் போலப் படைத்தொழிலை மேற்கொண்டாராயினும், அவர் பெயர் நிலைத்தது போர்க்களத்திலன்று, வயற்களத்திலேயாம்.

1882-இல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவரது திட்டத்தின் நுட்பம் யாதெனில், அணை ஆற்றைத் தடுத்து நீர்மட்டத்தை உயர்த்தும். உயர்ந்த நீர் ஏரியாய்ப் பரந்து மலையின் கீழ்ப்புறத்தை எட்டும். அங்கே ஒரு வாய்க்கால் வழியாகவும், பாறையைக் குடைந்த சுமார் 5,700 அடி நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகவும் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும். அதன்பின் வைரவனாறும் சுருளியாறும் அந்நீரை வைகையிற் சேர்க்கும். அணைக்குரிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாகலின், 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டது.

1887-இல் வேலை தொடங்கிற்று. அடர்ந்த காட்டில் சாலையில்லை, வீடில்லை. யானையும் புலியும் நடமாடும் இடத்தில் கூடாரமிட்டு, சுண்ணாம்பையும் ஏனைய பொருள்களையும் மலையுச்சிக்கு ஏற்றுதலே ஒரு பெருங்காரியமாயிருந்தது. ஆற்றின் நடுவே அஸ்திவாரமிடும் பொருட்டுக் கட்டிய தற்காலிக அணைகளை வெள்ளம் பலமுறை வாரிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் தொடங்கினார். சுண்ணாம்பும், சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும், கல்லும் சேர்ந்து, அஸ்திவாரத்தினின்று 176 அடி உயரமும் ஏறக்குறைய 1,200 அடி நீளமுமுடைய அணை எழுந்தது.

இவ்விடத்தில் நாம் மறத்தலாகாத ஒன்றுண்டு. மலைக்காய்ச்சலாலும் பிற நோய்களாலும் இவ்வேலையில் நானூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. கூலிக்கு வந்து காட்டிலே உறங்கிப்போன அவ்வேழைகளின் பங்கு, வரைபடம் வகுத்தவரின் பங்கிற்குக் குறைந்ததன்று. பென்னிகுவிக்கின் புகழைப் பாடுவோர் அவர்களையும் உடனெண்ணுதலே நீதியாகும்.

1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார். பேரணையினின்று பிரிந்த கால்வாய் மேலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களையும் நன்செய்யாக்கிற்று. லக்ஷத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலம் பாசனம் பெறலாயிற்று. தாயகம் மீண்ட பென்னிகுவிக் கூப்பர்ஸ் ஹில் இஞ்ஜினீயரிங் கல்லூரியின் தலைவராய் இளைஞரைப் பயிற்றுவித்தார். 1911-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் காம்பர்லி என்னும் ஊரிற் காலமானார்.

அணையின் நீர்மட்டம் பற்றி 1979 முதல் இரு மாநிலங்களுக்கிடையே வழக்குகள் எழுந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது. கீழே வாழ்வோரின் அச்சமும், கிழக்கே உழுவோரின் தேவையும் இரண்டும் மெய்யே. அவற்றை ஒருங்கே காப்பது இக்காலத்து அறிஞர்க்குரிய கடமையாம்.

கூடலூரையடுத்த லோயர் காம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பக்கத்து உழவர்கள் அவர் பிறந்த நாளில் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர். வேற்று நாட்டு ஆட்சியின் ஊழியராய் வந்த ஒருவரை, அவ்வாட்சி நீங்கிய பின்னரும் மக்கள் தம்மவராகக் கொண்டாடுவது சிந்திக்கத்தக்கது. அதிகாரத்திற்குச் செய்த வணக்கம் அதிகாரத்தோடு மறைந்துவிடும். உண்ட சோற்றிற்குச் செய்யும் வணக்கம் தலைமுறை கடந்தும் நிற்கும். கல்வி முடித்து வெளியேறும் நம் மாணவ நண்பர்கள் தாம் கற்ற கலை எவர் வயலிற் போய்ப் பாயப்போகின்றது என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.