நாரைகளோடு வாழ்ந்த மா. கிருஷ்ணன்

மதுரைக்கு நாலு பக்கமும் கண்மாய்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிறைந்துவிட்டால் கொக்கும் மடையானும் அரிவாள்மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் தாமாகவே வந்து இறங்கிவிடும். பஸ்ஸில் போகும் நாம் ஒரு தரம் எட்டிப் பார்ப்பதோடு சரி. இந்தப் பறவைகளைப் பார்ப்பதும் படம் பிடிப்பதுமே வாழ்க்கை என்று இருந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவுக்கு எட்டுக் குழந்தைகள். அவர்களில் கடைக்குட்டி இவர். 13 வயதில் தந்தையை இழந்தார். சென்னையில் தாவர சாஸ்திரம் படித்தார், பிறகு சட்டமும் படித்தார். ஆனால் வக்கீல் தொழில் அவருக்கு ஒட்டவில்லை.

1942-ல் பல்லாரிப் பக்கத்துச் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் காரியதரிசி என்று பல வேஷம் போட்டார். ஓய்வு நேரமெல்லாம் காட்டில்தான்! 1949-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. வேறு உத்தியோகம் தேடியிருக்கலாம். அவரோ மனைவியுடன் சென்னைக்குத் திரும்பி, பேனாவையும் காமிராவையும் மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தத் துணிந்தார். பறவையைப் பற்றி எழுதிப் பிழைப்பதென்றால் அந்த நாளில் யார் நம்புவார்கள்?

விலை உயர்ந்த காமிராவுக்குக் கையில் பணம் ஏது? ஒரு கம்பெனியின் காமிரா உடல், இன்னொன்றின் லென்ஸ், இணைப்புக்குத் தம் கைவேலை என்று தாமே ஒன்றைப் பூட்டிக்கொண்டார். 'சூப்பர் பாண்டரோஸா' என்று அதற்கு விளையாட்டாகப் பெயரும் சூட்டினார். அத்தனை கனம்! கலர்ப் படத்தை அவர் நாடவில்லை. அவருடைய படங்கள் கறுப்பு வெள்ளையே.

கறுப்பு வெள்ளையில் கொக்கைப் பிடிப்பது லேசல்ல. உச்சி வெயிலில் பிடித்தால் இறகு ஒன்றும் தெரியாது. சுண்ணாம்புத் திட்டுப் போல விழும். சாய்ந்த வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். கூட்டருகே அவசரப்பட்டு நெருங்கினாலோ தாய்ப் பறவை எழும்பிவிடும். காகம் முட்டையைக் கொண்டுபோகும். அசையாமல் கிடக்கிற பொறுமைதான் இங்கே முதல்.

அவர் விரிவாக எழுதிய இடங்களில் ஒன்று செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல். ஏரியின் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டு, 200 வருஷங்களுக்கு மேலாக அவற்றைக் காத்துவரும் ஊர் அது.

கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் அவர் தொடங்கிய பகுதி 46 வருஷம் வந்தது. தமிழிலும் எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காட்டு யானைகளைப் பற்றி அவர் எழுதியவற்றுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழிலும் அவர் கட்டுரை வெளிவந்திருந்தது.