சீறா தந்த உமறுப் புலவர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நம்பிக் கடை நடத்தும் நமக்கு, சம்பள நாள் வரை கடன் கொடுப்பதும் பேரேட்டில் பதிவதும் பழகிய காரியம். பெயரும் தேதியும் இல்லாத பற்று, பற்றே ஆகாது. மார்க்கச் செய்திக்கும் இதுவே நியாயம். சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று விசாரித்த பின்னரே ஹதீஸ் கலை இமாம்கள் ஒரு செய்தியை ஏற்றார்கள். தமிழில் பாட வந்த உமறுப் புலவருக்கும் இந்தக் கேள்வி எதிர்ப்பட்டது.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறு, கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்று எட்டயபுரம் அரண்மனைப் புலவரானார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சரித்திரத்தைக் காப்பியமாக்கும்படி கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரை வேண்டினார். பாட்டுத் திறம் கையில் இருந்தது. அறபுக் கிரந்தங்களில் உள்ள செய்தியோ கையில் இல்லை. கற்பனையால் நிரப்பக்கூடிய விஷயமா அது? ஆகவே சதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடினார். அவர்கள் முதலில் மறுத்துப் பின்னர் இணங்கியதாகவும், அவர்களுடைய மாணவர் ஒருவர் மூலம் உமறு வரலாற்றை அறிந்ததாகவும் செவிவழிச் செய்தி.

சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் உடையது. அபுல் காசிம் மரைக்காயர் என்னும் வள்ளலைப் புலவர் நூலிலேயே பல இடங்களில் புகழ்ந்துள்ளார். நபிகளாரின் வாழ்வு முழுவதையும் உமறு பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். ஏட்டில் இருந்த சீறா, 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரால் அச்சேறியது.

இந்தக் காப்பியத்தில் அறபு நாட்டிலும் ஆறு பெருகும், நெல் விளையும். அறபு அறியாத நம் முன்னோர், ஒருவர் வாசிக்கப் பலர் கூடிக் கேட்டு, தம் ஊரைப் போன்ற அந்த ஊரின் வழியாகவே நபிகளாரின் சரித்திரத்தை மனத்தில் பதித்தார்கள். ஆனால் வயலும் ஆறும் புலவர் உடுத்திய ஆடை, சரித்திரம் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஆலிம்களின் துணை வேண்டும்.

இவ்வளவும் தந்த புலவரின் சொந்த வாழ்வை எவரும் அன்றைக்கே எழுதி வைக்கவில்லை. பிறந்த ஊரைப் பற்றிக்கூட அறிஞர்கள் ஒரே கருத்தினர் அல்லர்.

நாமும் அதே பிழையைச் செய்தோம். தகப்பனாரின் பழைய பேரேடுகளை, கணக்குத் தீர்ந்ததென்று கிழித்து, சாமான் மடித்துக் கொடுத்துவிட்டோம். அவர்கள் எந்த வருஷம் மலையேறினார்கள் என்று இன்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நம்மால் கதை சொல்ல முடிகிறது. தேதி சொல்ல முடியவில்லை. அன்பர்களே, வீட்டில் முதியவர் இருந்தால் இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அருகே அமருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் மறவாமல் குறித்து வையுங்கள். உமறுப் புலவருக்கு அல்லாஹ் நற்கூலி அருள்வானாக. ஆமீன்.