ரோஜாப் பதக்கத்தை வேண்டாம் என்ற மணி ஐயர்

குழந்தைகளே! பள்ளி ஆண்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து ஒரு மெடல் வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வீர்கள்? கழுத்தில் மாட்டிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வருவீர்கள். பிறகு எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் மாட்டி வைப்பீர்கள். அந்த மெடலை யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா?

சொன்னார் ஒருவர்! அதுவும் சாதாரண மெடல் அல்ல. இங்கிலாந்து மகாராணியின் உருவம் பதித்த பதக்கம்!

சங்கரன்கோவிலில் ரயில் ஏறினால் ராஜபாளையம், விருதுநகர் வழியாக மதுரைக்குப் போய்ச் சேருகிறோம் அல்லவா? அந்த மதுரைதான் அவர் பிறந்த ஊர். பெயர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்று சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். ('இந்து' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் வேறு, இவர் வேறு.)

குமாஸ்தா முதல் நீதிபதி வரை

மணி ஐயர் 1842-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி பிறந்தார். அவருடைய அப்பா ராமநாதபுரம் ஜமீனுக்காக வேலை பார்த்தவர். மணி கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் வளர்த்து ஆளாக்கினார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 'வேலைதான் கிடைத்துவிட்டதே' என்று அவர் சும்மா இருக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படித்து, ஒவ்வொரு பரீட்சையாக எழுதித் தேறினார். 1868-ல் சட்டப் படிப்பில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு மதுரையில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார்.

1884-ல் அவருடைய மனைவி காலமானார். அதன் பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார். 1888-ல் சென்னை அரசாங்கத்தின் வக்கீலாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயர் 1895-ல் மறைந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர் மணி ஐயர். தலைமை நீதிபதி விடுப்பில் போனபோது அந்த நாற்காலியிலும் அமர்ந்து பணியாற்றினார். ஒரு தடவை அல்ல. 1899, 1903, 1906 என்று மூன்று தடவை!

சிவப்பு ரோஜாவும் வெள்ளி நட்சத்திரமும்

அன்றைய ஆங்கிலேய அரசு, தனக்குப் பிடித்த பெரிய மனிதர்களுக்குப் பட்டங்கள் கொடுத்து வந்தது. விக்டோரியா மகாராணி இந்தியாவின் பேரரசி ஆனதன் நினைவாக 1878-ல் 'இந்தியப் பேரரசு விருது' என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் மூன்று படிகள் உண்டு. மேல்படி, நைட் கிராண்ட் கமாண்டர். நடுப்படி, நைட் கமாண்டர். கீழ்ப்படி, கம்பானியன்.

மணி ஐயருக்கு 1891-ல் கம்பானியன் பட்டம் வந்தது. 1900-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் நைட் கமாண்டர் பட்டம் கிடைத்தது. அதாவது கே.சி.ஐ.இ! அன்று முதல் அவர் 'சர்' சுப்பிரமணிய ஐயர்.

இந்த விருதின் பதக்கம் பார்ப்பதற்கே அழகாக இருக்கும். ஐந்து இதழ் கொண்ட ரோஜாப்பூ. பொன்னில் செய்து, சிவப்பு எனாமல் பூசியிருப்பார்கள். பூவின் நடுவில் விக்டோரியாவின் முகம். பூவுக்கு மேலே ஒரு கிரீடம். கருநீல நாடாவில் கோத்து இருக்கும். கம்பானியன் அதை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். நைட் கமாண்டர் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். அதோடு நெஞ்சில் அணிய ஒரு வெள்ளி நட்சத்திரமும் உண்டு.

கண்பார்வை மங்கியதால் 1907-ல் மணி ஐயர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. பெயர், புகழ், பட்டம், ஓய்வூதியம் எல்லாம் இருந்தது. நிம்மதியாக வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அவர் இருக்கவில்லை!

கடல் கடந்த கடிதம்

1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம்ரூல் இயக்கத்தைத் தொடங்கினார். இந்தியர்களை இந்தியர்களே ஆள வேண்டும் என்பதுதான் அதன் கோரிக்கை. மணி ஐயர் அதன் கௌரவத் தலைவர் ஆனார். 1917 ஜூன் மாதம் அரசு பெசன்ட் அம்மையாரையும் அவருடைய தோழர்கள் இருவரையும் காவலில் வைத்தது. அவர்கள் ஊட்டியில் தங்க வைக்கப்பட்டார்கள்.

அது முதல் உலகப் போர் நடந்த நேரம். சில வாரங்களுக்கு முன்புதான் அமெரிக்காவும் பிரிட்டனின் பக்கம் நின்று போரில் இறங்கியிருந்தது. உலகத்தில் மக்களாட்சியைக் காப்பாற்றவே போரிடுகிறோம் என்று அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சொல்லி வந்தார். அப்படியானால் இந்தியாவுக்கு மட்டும் மக்களாட்சி வேண்டாமா?

மணி ஐயர் பேனாவை எடுத்தார். ஜூன் 24-ந் தேதி வில்சனுக்கே ஒரு கடிதம் எழுதினார். அந்நிய ஆட்சியில் இந்தியர்கள் படும் துன்பங்களை அதில் விளக்கினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி தருவதாக வாக்குக் கொடுத்தால், மூன்றே மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் 50 லட்சம் பேர் வருவார்கள் என்றும் எழுதினார். கடைசியில், நைட் கமாண்டர் என்ற தன் பட்டத்தையும் சேர்த்துத்தான் கையெழுத்திட்டார்!

போர்க்காலம் ஆயிற்றே, தபாலில் போட்டால் போய்ச் சேருமா? அமெரிக்கா திரும்பிய ஹாட்ச்னர் தம்பதியிடம் கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார். அது கடல் கடந்து வில்சனைச் சேர்ந்தது.

பட்டமா, பேச்சுரிமையா?

அந்தச் செப்டம்பரிலேயே பெசன்ட் அம்மையார் விடுதலை ஆனார். ஆனால் கடிதத்தின் கதை அதோடு முடியவில்லை. விஷயம் லண்டன் வரை போனது. 1918-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியா மந்திரி மாண்டேகு, மணி ஐயரின் கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பட்டம் வாங்கியவர் இப்படி எழுதலாமா என்று ஆங்கிலேயர் பலர் கோபப்பட்டார்கள்.

அப்போது மணி ஐயருக்கு வயது 75. கண் சரியாகத் தெரியாத முதியவர். எழுதியது தப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பிரச்னை ஓய்ந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பட்டத்தை வைத்துக்கொண்டு வாயை மூடுவதா, பட்டத்தை விட்டுவிட்டு உண்மையைப் பேசுவதா? அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். நைட் கமாண்டர் பட்டமும் வேண்டாம், திவான் பகதூர் பட்டமும் வேண்டாம் என்று இரண்டையும் துறந்தார். நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது!

அவர் பெயருக்கு முன்னால் இருந்த 'சர்' போய்விட்டது. 'டாக்டர்' மட்டும் நின்றது. அது சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது அல்லவா?

ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து ரவீந்திரநாத் தாகூர் தன் 'சர்' பட்டத்தைத் துறந்தது 1919-ல். காந்தியடிகள் தன் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பியது 1920-ல். இருவருக்கும் முன்பே நம் மதுரைக்காரர் அந்தத் துணிச்சலைக் காட்டிவிட்டார்!

1924-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி மணி ஐயர் காலமானார். சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கட்டடம் இருக்கிறது. அங்கே அவருடைய சிலையைப் பார்க்கலாம்.

பரிசு வாங்குவது பெருமைதான், குட்டீஸ். ஆனால் அந்தப் பரிசு நம் வாயைக் கட்டிப்போட விடக்கூடாது. சரி என்று பட்டதைச் சொல்லும் தைரியம் எந்தப் பதக்கத்தையும் விடப் பெரியது!

தெரிந்துகொள்ளுங்கள்

* இந்தியாவுக்காக ஆங்கிலேயர் ஏற்படுத்திய இன்னொரு விருது 'இந்திய நட்சத்திரம்'. இது 1861-ல் தொடங்கியது; இந்தியப் பேரரசு விருதை விட உயர்ந்தது. இதன் நாடா வெளிர்நீலம், ஓரங்களில் வெள்ளை.
* நைட் பட்டம் பெற்றவர்தான் 'சர்' போட்டுக்கொள்ளலாம். கம்பானியனுக்கு அந்த உரிமை கிடையாது.
* விடுதலைக்குப் பின் இந்த விருதுகள் நின்றுபோயின. கே.சி.ஐ.இ. பட்டம் பெற்றவர்களில் கடைசியாக வாழ்ந்தவர் குஜராத்தின் திராங்கத்ரா மகாராஜா. அவர் 2010-ல் மறைந்தார்.