48 வருடங்களின் பின்னர் திறக்கப்பட்ட கோப்பு: ஸ்டீவ் பீக்கோவின் வாழ்வும் மரணமும்

தென்னாபிரிக்காவின் கெபேஹா நகரிலுள்ள மேல் நீதிமன்றத்தில் 2025 செப்டெம்பர் 12 ஆம் திகதி ஒரு மரண விசாரணை மீண்டும் ஆரம்பமானது. இறந்தவர் ஸ்டீவ் பீக்கோ. பொலிஸ் காவலில் ஏற்பட்ட காயத்தால் அவர் உயிரிழந்து அன்றுடன் 48 வருடங்கள். அவரைத் தாக்கியதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தக் கோப்பு மூடப்படவும் இல்லை.

பீக்கோ 1946 டிசெம்பர் 18 ஆம் திகதி பிறந்தார். கிங் வில்லியம்ஸ் டவுன் நகரை அண்டிய ஜின்ஸ்பேர்க் குடியிருப்பில் வளர்ந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த குடும்பத்தைத் தாய் வீட்டுவேலை செய்தும், பின்னர் வைத்தியசாலையில் சமையல் செய்தும் காப்பாற்றினார். 1963 இல் லவ்டேல் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது, அவரது அண்ணன் தடைசெய்யப்பட்ட இயக்கமொன்றுடன் தொடர்பு வைத்திருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டார். தம்பியையும் பொலிஸார் விசாரித்தனர். அதனுடன் அவரைப் பாடசாலை வெளியேற்றியது. எந்தக் குற்றமும் சுமத்தப்படாமலேயே படிப்பு பறிபோன முதல் அனுபவம் அது.

பின்னர் நேட்டால் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சென்ற அவர், 1969 இல் தென்னாபிரிக்க மாணவர் அமைப்பின் முதல் தலைவரானார். கறுப்பின மக்கள் தங்களைத் தாழ்ந்தவர்களாக எண்ணும் மனநிலையிலிருந்து முதலில் விடுபட வேண்டும் என்பதே அவர் முன்வைத்த கறுப்பின விழிப்புணர்வுச் சிந்தனையின் அடிப்படை. 1972 இல் மருத்துவப் படிப்பையும் இழந்தார். 1973 மார்ச்சில் அரசாங்கம் அவர்மீது தடையுத்தரவு பிறப்பித்தது. சொந்த ஊரை விட்டு வெளியேற முடியாது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் பேச முடியாது. அவர் சொன்னதைப் பத்திரிகைகள் வெளியிட முடியாது.

அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே அவர் சனெம்பிலோ என்ற மக்கள் சிகிச்சை நிலையத்தை உருவாக்குவதற்குத் துணைநின்றார். அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவும் நிதியமொன்றையும் நண்பர்களுடன் சேர்ந்து அமைத்தார். உழைக்கும் ஒருவரைச் சிறை கொண்டுபோனால் வீட்டில் அடுப்பு எரிவதற்கும் பிள்ளைகள் பாடசாலை போவதற்கும் என்ன வழி என்பதற்கு அந்த நிதியம் பதில் தேடியது. அதை நிர்வகித்த மாபெட்லா மொஹாபி 1976 ஓகஸ்டில் பொலிஸ் சிறைக்கூடத்தில் இறந்தார். அவர் தூக்கிட்டுக்கொண்டதாகப் பொலிஸார் கூறினர். மனைவி அதை ஏற்க மறுத்து நீதிமன்றம் சென்றார். அதே மாதம் பீக்கோவும் கைதுசெய்யப்பட்டு, வழக்கு எதுவுமின்றி 101 நாட்கள் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1976 மே மாதத்தில், அவர் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றார். மொசாம்பிக் விடுதலை இயக்கத்துக்கு ஆதரவாக 1974 இல் கூட்டங்களை ஏற்பாடு செய்ததைத் தொடர்ந்து கைதான ஒன்பது பேரின் வழக்கு அது. அவர்களுடைய பேச்சுகளும் எழுத்துகளுமே அங்கு பெருமளவில் விசாரிக்கப்பட்டன. எங்கும் பேசத் தடைசெய்யப்பட்டிருந்த பீக்கோ, சாட்சிக்கூட்டில் மட்டும் நாட்கணக்கில் பேச முடிந்தது. தீர்ப்பு 1976 டிசெம்பரில்தான் வந்தது. கைதாகி இரண்டு வருடங்களுக்கு மேல் காத்திருந்த ஒன்பது பேரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டு ரொபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

1977 ஓகஸ்ட் 18 ஆம் திகதி இரவு கிரஹாம்ஸ்டவுனுக்கு அருகில் வீதித்தடையொன்றில் பீக்கோ மீண்டும் கைதானார். அவரைத் தடுத்துவைக்கப் பயன்பட்டது 1967 ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு. அதன்படி ஒருவரைக் கால வரையறையின்றி வைத்திருக்கலாம். சட்டத்தரணியோ குடும்பத்தினரோ பார்க்க முடியாது. நீதிமன்றமும் தலையிட முடியாது. இலங்கையில் 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சர்வதேச சட்ட வல்லுநர்கள் இந்தச் சட்டத்துடனேயே அதை ஒப்பிட்டனர் என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விடயம்.

ஏறத்தாழ 20 நாட்கள் பீக்கோ நிர்வாணமாக வைக்கப்பட்டார். செப்டெம்பர் 6 ஆம் திகதி போர்ட் எலிசபெத்தின் சன்லாம் கட்டடத்தில் 619 ஆம் இலக்க அறைக்கு விசாரணைக்காகக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கு அவரது மூளையில் பலத்த காயம் ஏற்பட்டது. அதன் பின்னரும் அவர் விலங்கிடப்பட்டிருந்தார். பார்வையிட்ட வைத்தியர் ஒருவர் அசாதாரணமாக எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். 11 ஆம் திகதி, நினைவு தடுமாறிய நிலையில், நிர்வாணமாக லாண்ட் ரோவர் வாகனத்தின் பின்பகுதியில் கிடத்தி, 1,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள பிரிட்டோரியாவுக்கு ஏற்றிச் சென்றனர். மருத்துவக் குறிப்புகள்கூட உடன் அனுப்பப்படவில்லை. மறுநாள் அவர் இறந்தார். வயது 30. மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தனர்.

அவர் உண்ணாவிரதத்தால் இறந்ததுபோல் அமைச்சர் ஜிம்மி குரூகர் அறிவித்தார். பிரேத பரிசோதனை அதைப் பொய்யாக்கியது. குடும்பத்தின் சார்பில் சுயாதீன நோயியல் நிபுணர் ஒருவர் அதில் பங்கேற்றிருந்தார். நவம்பரில் நடந்த மரண விசாரணையில் சிட்னி கென்ரிட்ஜ் தலைமையிலான சட்டத்தரணிகள் பொலிஸாரையும் வைத்தியர்களையும் நாட்கணக்கில் குறுக்கு விசாரணை செய்தனர். ஆயினும், எவரும் பொறுப்பல்ல என்று நீதவான் சில நிமிடங்களில் முடித்துவிட்டார். 1979 இல் குடும்பத்துக்கு 65,000 ரான்ட் நட்டஈடாக வழங்கப்பட்டது. குற்றம் மட்டும் ஏற்கப்படவில்லை.

ஆனால் தோற்றுப்போன அந்த விசாரணை ஒன்றை விட்டுச் சென்றது. சத்தியப்பிரமாணம் செய்து சொல்லப்பட்ட வார்த்தைகள் எழுத்தில் பதிவாகியிருந்தன. அந்தச் சாட்சியங்களை வைத்தே வைத்தியர்கள் மீதான முறைப்பாடு மருத்துவ சபைக்குச் சென்றது. சபை நடவடிக்கை எடுக்க மறுத்தது. சக வைத்தியர்கள் சிலர் சபையையே நீதிமன்றத்துக்கு இழுத்தனர். 1985 இல் சபை விசாரிக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. ஒரு வைத்தியர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். மற்றவர் எச்சரிக்கையுடன் தப்பினார்.

இனவொதுக்கல் ஆட்சி முடிந்த பின்னரும் வழி இலகுவாகவில்லை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் பொலிஸார் ஐவர் பொதுமன்னிப்புக் கோரினர். குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தையே எதிர்த்து பீக்கோ குடும்பம் அரசியலமைப்பு நீதிமன்றம் சென்று 1996 இல் தோற்றது. எனினும் 1999 இல் அந்த மன்னிப்புக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. 2003 இல், போதிய ஆதாரம் இல்லை என்று வழக்குத் தொடுநர்கள் கைவிட்டனர். தாக்குதல் குற்றத்துக்கான சட்டக் காலவரையறையும் கடந்திருந்தது. இதற்கிடையில் சம்பந்தப்பட்டவர்கள் ஒவ்வொருவராக முதுமையடைந்து இறந்துகொண்டிருந்தனர்.

தாமதம் யாருக்கு உதவுகிறது என்பதை இந்த வரலாறு மறைக்கவில்லை. ஆனால் 2025 இல் அந்தக் கோப்பைத் திறக்க முடிந்ததற்கும் காரணங்கள் உண்டு. பிரேத பரிசோதனையில் குடும்பத்தின் நிபுணர் பங்கேற்றிருந்தார். ஒவ்வொரு சாட்சியமும் பதிவு செய்யப்பட்டிருந்தது. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு இடத்திலிருந்தும் அடுத்த இடத்துக்கு யாரோ ஒருவர் அந்த முறைப்பாட்டைச் சுமந்து சென்றார். நம்மிடையே வீடுகளின் அலுமாரிகளில் முறைப்பாட்டுப் பிரதிகளையும், வழக்கு இலக்கங்களையும், சிறைக்குச் சென்று பார்த்த அனுமதிச் சீட்டுகளையும் இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவை வீண் காகிதங்கள் அல்ல.