படிகத்தின் உள்ளமைப்பை ஆராய்ந்த பேரறிஞர்

பனங்கற்கண்டு உண்டாகும் முறையைப் பாண்டிநாட்டு மக்கள் நன்கறிவர். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல்கள் தொங்கும் கலத்தில் ஊற்றிப் பல நாள் அசைக்காமல் வைப்பர். பாகிற் கரைந்துள்ள சர்க்கரை மெல்ல மெல்ல நூலைப் பற்றிப் பட்டைகளுடன் திரளும். இவ்வாறு ஒழுங்கான வடிவத்தோடு திரளும் பொருளைப் படிகம் என்பர். படிகங்களின் காந்த இயல்பை ஆராய்ந்து உலகப் புகழ் எய்திய தமிழர் ஒருவர் உண்டு. அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் ஆவார்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள், வத்திராயிருப்பு என்னும் ஊரிற் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த அவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் தந்தையார் தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். இவ்விரு மொழிகளின்மீதும் இளமையில் தோன்றிய பற்று, கிருஷ்ணனிடம் இறுதிவரை குன்றாமல் இருந்தது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்ற பின்னர், அவர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை ஆசிரியராக அமர்ந்தார். நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி, அவர்கள் கேட்கும் அறிவியல் வினாக்களுக்கெல்லாம் விடையளித்து வந்தார். பிற கல்லூரி மாணவர்களும் அக்கூட்டத்தை நாடி வரலாயினர்.

கல்கத்தா வாழ்க்கை

1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கிருஷ்ணன் கல்கத்தா சென்று, சர். சி. வி. இராமனின் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். நீர்மங்களினூடே செல்லும் ஒளி சிதறும் விதத்தை இருவரும் ஆராய்ந்தனர். சிதறிய ஒளியிற் புதியதொரு நிறக்கூறு இருப்பதை அறிவித்த முதற் கட்டுரை, 1928ஆம் ஆண்டு இருவர் பெயராலும் வெளிவந்தது. இதுவே பின்னர் இராமன் விளைவு எனப் பெயர் பெற்றது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது.

அப்பரிசு அறிவிக்கப்பட்ட காலத்திற் கிருஷ்ணன் கல்கத்தாவில் இல்லை. 1928ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர் டாக்காப் பல்கலைக்கழகத்திற் பணியேற்றிருந்தார். பெரும் புகழ் பெற்ற ஒளி ஆராய்ச்சியையே அவர் தொடர்ந்திருக்கலாம். ஆயினும், பலர் நாடாத வேறொரு துறையில் தமக்கெனப் புதுவழி வகுத்துக்கொண்டார். படிகங்களின் காந்த இயல்பே அத்துறை.

படிகமும் காந்தமும்

படிகத்தினுள் அணுக்களும் மூலக்கூறுகளும் படைவீரர் அணிவகுத்தாற்போல ஒழுங்காக நிற்கின்றன. ஆதலால் பெரும்பாலான படிகங்களின் காந்த இயல்பு எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டைத் துல்லியமாக அளந்தால், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதை உய்த்துணரலாம்.

இதற்குக் கிருஷ்ணன் கையாண்ட முறை எளியது. மிக மெல்லிய குவார்ட்சு இழையிற் சிறு படிகமொன்றைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்கினார். காந்தத்தின் பிடியில் நின்ற படிகம், முறுக்கம் ஓர் எல்லையைக் கடந்தவுடன் சட்டெனத் திரும்பியது. அந்த எல்லையைக் கோணத்தால் அளந்து, காந்த இயல்பின் வேறுபாட்டைக் கணக்கிட்டார்.

கருவி எளியதாயினும், அதில் தொங்கும் படிகம் குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்திருந்தாலும், உள்ளே வெடிப்பு இருந்தாலும் அளவு பிழைபட்டுவிடும். பிழைபட்ட அளவோ மூலக்கூற்றின் நிலையைத் தவறாகக் காட்டும். ஆதலின் நல்ல படிகத்தை வளர்ப்பதே ஆராய்ச்சியின் முதற்படியாயிற்று.

படிகம் வளரும் விதம்

நற்படிகம் வளரும் விதத்தைப் படிகாரத்தைக் கொண்டு வீட்டிலேயே காணலாம். வெந்நீரில் மேலும் கரையாத அளவுக்குப் படிகாரத்தைக் கரைத்து வடிகட்டி ஆறவிட்டால், தெவிட்டிய கரைசல் கிடைக்கும். அதில் ஓரிரு நாளிற் சிறு படிகங்கள் தோன்றும். அவற்றுள் குறையற்ற ஒன்றைத் தேர்ந்து நூலிற் கட்டி, தெளிந்த தெவிட்டிய கரைசலில் தொங்கவிட்டுத் தாளால் மூடி வைத்தல் வேண்டும். நீர் மெல்ல ஆவியாக, படிகம் எட்டு முகங்களுடன் வளரும்.

சென்னைச் சைதாப்பேட்டையில் இதனைச் செய்யும் மாணவன் இரண்டு இடையூறுகளைக் காண்பான். கடற்காற்றின் ஈரத்தால் நீர் விரைவில் ஆவியாகாது. நண்பகல் வெப்பம் மிகுந்தாலோ வளர்ந்த படிகமே மீண்டும் கரையத் தொடங்கும். ஆகவே வெயில் படாத, வெப்பம் அதிகம் மாறாத இடத்தை நாடுதல் வேண்டும். விரைவு கருதிக் கரைசலைத் திடீரெனக் குளிர்வித்தால், ஒரு பெரும் படிகத்திற்கு மாறாகக் கலங்கிய பல சிறு படிகங்களே விளையும்.

பெற்ற சிறப்புகள்

1933ஆம் ஆண்டு கிருஷ்ணன் பேராசிரியராகக் கல்கத்தா திரும்பினார். நாப்தலீன் போன்ற கரிமப் பொருள்களின் படிகங்களில் தட்டையான மூலக்கூறுகள் சாய்ந்துள்ள நிலையைத் தம் மாணவர்களுடன் ஆராய்ந்தார். மயில்துத்தப் படிகத்தின் காந்த இயல்பு, செம்பு அணுவைச் சுற்றியுள்ள அமைப்போடு இயைந்திருப்பதையும் விளக்கினார். எக்சுக் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்து வந்த ஆங்கில அறிஞர் காத்லீன் லான்சுடேல் அம்மையார், 1936ஆம் ஆண்டு கிருஷ்ணனோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்.

1940ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 1947ஆம் ஆண்டு புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1954ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும், 1958ஆம் ஆண்டு பட்நாகர் விருதும் அவரை அடைந்தன. 1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் இயற்கை எய்தினார்.

சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் கிண்டியை அடையலாம். அங்குள்ள அண்ணா பல்கலைக்கழகத்திற் படிக வளர்ச்சிக்கென்றே தனி மையம் ஒன்று 1982ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தாலும், வீட்டுக் கலத்தில் வளர்ந்தாலும், நற்படிகம் வேண்டுவது தூய்மையும் அமைதியும் காலமுமே. பரிசும் பாராட்டும் பிறரைச் சென்றடைந்த காலத்திலும் மனம் தளராது, தம் பணியிலே கருத்தூன்றி உயர்ந்த கிருஷ்ணனின் வாழ்வும் அத்தகையதே. விரைந்து புகழ் தேடுவதினும், பொறுமையோடு பிழையற வினை செய்வதே சிறந்தது என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.